மஸ்கெலியா பஸ்ஸும் கடைசி ரீலும்

மஸ்கெலியாப் பக்கம் போனால் இன்றைக்கும் என்னைக் காட்டி, "இவருதான் சீனாப் படத்த வெள்ளக்காரிக்கு வித்தவரு" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்கிறார்கள்.

ஹட்டனில் எங்கள் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. டவுனில் மலர் ஒன்று போடுகிறோம், பழைய தொழில்காரர்கள் எழுதித் தர வேண்டும் என்று சிலர் வந்து கேட்டார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுத வராது என்றேன். பேசுகிற மாதிரி எழுதுங்கள் என்றார்கள். நான் அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. இருந்தாலும் அந்தச் சீனாப் படத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் எல்லா ஆப்பரேட்டருக்கும் நடந்ததுதான்.

எனக்கு வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்று கங்காணியிடம் பேர் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஹட்டனுக்கு வந்தேன். தியேட்டரைக் கூட்டினேன், டிக்கெட் கிழித்தேன், ஸ்டேஷனில் இருந்து படப்பெட்டி சுமந்தேன். பிறகு படம் ஓட்டுகிற கெபினுக்குள் விட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

கெபினில் பெரிய ஆப்பரேட்டர் மாணிக்கம் அண்ணன். அவர் யாரையும் நம்ப மாட்டார். வெளியே போகும்போது பூட்டுக்கு மேலே ஒரு நூலைச் சுற்றி வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து நூல் அறுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி போடுவார். தேத்தண்ணிக் கோப்பைக்கு மூடி வைத்திருப்பார். மூடி கொஞ்சம் விலகி இருந்தால் அந்தத் தேத்தண்ணியைக் கீழே ஊற்றிவிடுவார்.

கொழும்பிலிருந்து ரயிலில் பெட்டி வரும். நான் தூக்கி வந்து வைத்ததும் கையால் தொட்டுப் பார்ப்பார்.

"யாரு தொறந்தா இத?"

"யாரும் தொறக்கலண்ணே."

"அப்ப ஏன் சூடா இருக்கு?"

"ரயில்ல எஞ்சினுக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்க."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பாக்காதத சொல்லாத."

பெட்டிக்குள்ளே ரீல் ஒவ்வொன்றும் ஒரு தகர டின்னில் இருக்கும். மூடியில் நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பரை அவர் பார்க்கவே மாட்டார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். படம் கெட ஆரம்பித்தால் காடி மாதிரி ஒரு வாடை வரும். பிறகு ஒரு முழம் இழுத்து பல்புக்கு நேரே பிடித்து, உள்ளே யார் நிற்கிறார்கள், என்ன உடுப்பு, பகலா இரவா என்று பார்ப்பார். எல்லா டின்னையும் இப்படிப் பார்த்து, எது முதலாவது எது கடைசி என்று தானாக முடிவு செய்வார். அதற்குப் பிறகுதான் மூடி நம்பர். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

அடுத்தது படத்தை இன்னொரு சக்கரத்துக்குச் சுற்றுவது. வலது கையால் சுற்றிக்கொண்டு, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் படத்தின் ஓரத்தை ஓட விட வேண்டும். ஓரத்தில் வரிசையாக இருக்கிற ஓட்டை கிழிந்திருந்தால் விரலில் தட்டும். தட்டிய இடத்தை வெட்டி, பிளேடால் சுரண்டி, பசை தடவி, அமுக்கி ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் மெஷினுக்குள் அறுந்துபோகும். கார்பன் குச்சிகள் எரிகிற வெளிச்சத்துக்கு முன்னால் படம் நின்றால் ஒரு நொடியில் பொசுங்கும். கீழே சனம் விசிலடிக்கும். நான் ஒட்டியதை எல்லாம் அவர் மறுபடி இழுத்துப் பார்ப்பார். முதல் வருஷமும் பார்த்தார், கடைசி வருஷமும் பார்த்தார்.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து சனம் வரும். குறைந்த டிக்கெட் கலரி முழுக்க அவர்கள்தான். படம் முடிய முன்னமே கடைசி பஸ் புறப்பட்டுவிடும். பஸ் நிற்கும் இடம் தியேட்டருக்கு நேர் கீழே. டிரைவர் ஹாரன் அடித்தால் படத்தின் சத்தத்துக்கு மேலே கேட்கும். கேட்டதும் கலரி மொத்தமாக எழும்பும். தமிழ்ப் படம் என்றால் பரவாயில்லை. பாட்டும் கேட்டாயிற்று, சிரித்தும் ஆயிற்று, முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சீனாப் படம் அப்படி இல்லை. எழுபதுகளில் அந்தச் சண்டைப் படங்கள் வரிசையாக வந்தன. பேசுவது யாருக்கும் விளங்காது. கடைசிச் சண்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடுவது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு ஞாயிறு திரையில் கல் வந்து விழுந்தது.

அடுத்த ஞாயிறு மாணிக்கம் அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. இடைவேளை முடிந்ததும் கடைசி ரீலை எடுத்து மெஷினில் போட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னா பாக்குற? சண்டையப் பாத்துட்டு போகட்டும். மிச்சத்த டவுன்காரன் பாத்துக்குவான்."

"கத கொழம்புமேண்ணே."

"ஒனக்கு கத வெளங்குச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னா."

ஹாரன் அடித்தது. கலரி சந்தோஷமாக எழும்பிப் போனது. அதன் பிறகு நாங்கள் மற்ற ரீல்களை ஓட்டினோம். செத்த வில்லன் திரும்ப வந்து சோறு சாப்பிட்டான். டவுன்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போகும்போது ஒருவர் கேட்டார், "செத்தவன் எப்படிடா எழும்புனான்?" கூட வந்தவர், "அது அவன் தம்பி. மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்றார்.

அன்றிலிருந்து சீனாப் படம் எல்லாம் ஹட்டனில் அப்படித்தான் ஓடின. மூடி நம்பரை அழித்து, சிவப்புப் பெயின்டால் எங்கள் நம்பர் போட்டோம். திருப்பி அனுப்பும்போது மண்ணெண்ணெயால் துடைத்து கொழும்புக் கம்பெனி போட்ட நம்பரை எழுதி அனுப்பினோம். கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த படம் தர மாட்டார்கள். முதலாளிக்கும் தெரியாது. அவர் படம் பார்க்க மாட்டார், கலரி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்ப்பார். "வாயத் தொறந்த, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்" என்று மாணிக்கம் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

அப்படி வந்த படங்களில் ஒன்று ஓடக்காரி. அதன் சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. ஆற்றில் ஓடம் தள்ளுகிற ஒரு பெண். அவள் அப்பாவை உப்பு வியாபாரி ஒருவன் கொன்றுவிடுகிறான். கடைசி ரீலில், மழையில், ஓடம் தள்ளுகிற மூங்கிலாலேயே அவனை அடித்து விழுத்துகிறாள். அவளுக்கும் குத்து விழுகிறது. ஓடத்திலேயே சாய்கிறாள். ஓடம் தானாகப் போகிறது. அதற்கு முந்தின ரீல் விடியற்காலை. தலையைச் சீவி முடிந்துகொண்டு, கயிற்றை அவிழ்த்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடத்தில் போகிறாள். எங்கள் வரிசையில் அதுதான் முடிவு. ஆகவே மஸ்கெலியாக்காரர்களுக்கு அவள் செத்துப்போனாள். டவுன்காரர்களுக்கு அவள் உயிரோடு போனாள். ரெண்டு பக்கத்து ஆட்களும் சாராயக் கடையில் சந்தித்தால் இதைச் சொல்லிச் சண்டை வரும்.

படத்தை நாங்கள் பல தடவை போட்டோம். எப்போது போட்டாலும் கலரி நிறையும். நடுவில் கொழும்புக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பெட்டியைக் கேட்டு ஆள் வரவில்லை. மாணிக்கம் அண்ணன் ஒவ்வொரு மழைக்காலமும் அதை எடுத்துத் துடைத்துச் சுற்றி வைப்பார். "சும்மா விட மாட்டானுங்க. ஒருநாள் கேட்டு வருவானுங்க. கெட்டுப்போச்சுன்னா நம்ம தலையில கட்டுவானுங்க" என்பார்.

கேட்டு வந்தது வேறு ஆள்.

கலவரம் நடந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. சந்தியில் எப்போதும் பொலிஸ் நிற்கும். எங்களைக் கண்டால் அடையாள அட்டை கேட்பார்கள். என்னிடம் அட்டை இல்லை. தோட்டத்துச் சனம் இங்கேயே பிறந்திருந்தாலும் எழுதிப் போட்டுத்தான் பிரஜாவுரிமை வாங்க வேண்டும்; நானும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் உரிமை கிடைக்காது, இந்தியாவுக்குப் போ என்பார்கள். இந்தியாவில் எனக்கு யாரும் இல்லை. புது முகம் கண்டால் ஒதுங்கிப் போகிற காலம் அது. அப்போதுதான் எங்கள் கோயில் ஃபாதர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தியேட்டருக்குக் கூட்டி வந்தார்.

மார்த்தா என்று பேர். பெல்ஜியம். நல்ல உயரம், காற்சட்டை போட்டிருந்தாள். அவள் ஊரில் வருஷா வருஷம் ஒரு படவிழா நடக்கிறது, சீனா, ஜப்பான், கொரியாப் பக்கத்துப் படங்கள் மட்டும்தான் போடுவார்கள், அதற்கு ஓடக்காரியைத் தேடி வந்திருக்கிறாள் என்று ஃபாதர் சொன்னார். எடுத்த ஊரிலேயே அந்தப் படம் இல்லையாம். வைத்திருந்த இடம் எரிந்துபோனதாம். சிங்கப்பூரில் கேட்டு, கொழும்பில் கேட்டு, கடைசியாக ஹட்டனுக்கு அனுப்பினோம் என்று யாரோ பழைய கம்பெனி ஆள் சொன்னாராம்.

மாணிக்கம் அண்ணன் கெபின் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளக்காரன் ஊர்ல சீனாக்காரன் படத்துக்குத் திருவிழா. அதுக்குப் படம் ஹட்டன்ல. இத நீங்க நம்புறீங்களா ஃபாதர்?"

"நம்பித்தான மாணிக்கம் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க எல்லாத்தையும் நம்புவீங்க. ஒங்க வேல அது."

ஃபாதர் சிரித்தார். மாணிக்கம் அண்ணன் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தால் எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. டின்னைத் திறக்க முன்னால் பையில் இருந்து வெள்ளைக் கையுறை எடுத்துப் போட்டாள். பிரேதம் அறுக்கிற டாக்டர்மார் போடுவது மாதிரி. படத்தை முகர்ந்தாள். அந்த ஒன்றுதான் மாணிக்கம் அண்ணனுக்குப் பிடித்திருக்கும். அதையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். முதலாளி சரி என்றார். ஒரு காலை நேரம் வெறும் தியேட்டரில் போட்டோம். மாணிக்கம் அண்ணன் எங்கள் சிவப்பு நம்பர்படியே ரீலை அடுக்கினார்.

"அண்ணே, அவங்களுக்குமா?"

"அதுக்குத்தான். படம் தெரிஞ்சவளா இருந்தா நடுவுல எந்திரிச்சுக் கேப்பா. கேக்கலேன்னா வேற எதுக்கோ வந்தவ."

அவள் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு செகன்ட் கிளாஸில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசிச் சண்டை நடுவில் வந்தது. எழும்பவில்லை. பெண் செத்தாள், திரும்ப வந்தாள், தலை சீவினாள், ஓடத்தில் போனாள். லைட்டைப் போட்டபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் மேலே பார்த்துச் சொன்னார்: "இப்பிடி ஒரு முடிவ எந்தப் படத்துலயும் பாத்ததில்லையாம். செத்துப்போனவ ஞாபகத்துல உயிரோட போறான்னு சொல்றாங்க."

மாணிக்கம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா. இவளுக்குப் படம் தெரியாது."

"பாத்தவங்க அங்க யாரும் இல்லன்னுதான தேடி வந்திருக்காங்க?"

"அதுவும் அவ சொன்னதுதான?"

நான் ரீலைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன்.

ரெண்டு நாள் கழித்து முதலாளி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். "சவரி, அந்தப் பெட்டியத் தொரசாணிகிட்ட குடுத்துவிடு. விழாவுல காட்டிட்டு அனுப்புவாங்க."

"மாணிக்கண்ணன்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க ஐயா."

"நான் சொல்லிக்கிறேன். நீ கொண்டுபோ."

அவர் எல்லா உத்தரவையும் படிக்கட்டில் வைத்துத்தான் கொடுப்பார். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை.

நான் பெட்டியைத் தோளில் வைத்தபோது மாணிக்கம் அண்ணன் கெபின் ஜன்னலில் நின்றார். "யாரு சொன்னா?" என்றார். முதலாளி சொன்னார் என்றேன். "எனக்குச் சொல்லலையே" என்றார். இறங்கி வரவில்லை.

ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் தடுத்தார். "மேவா மொனவாத?" இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டார். படம் என்றேன். திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். விரலால் கொஞ்சம் இழுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். ஓடக்காரி உள்ளே நின்றாள். அவர் சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார். நான் அவசரமாக மூடியை அமுக்கி மூடினேன். மார்த்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரீல் வரிசையைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஃபாதர் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். என்னிடம் பாஷை இல்லை. ரயில் புறப்பட்டது.

அந்த மாதமே முதலாளி மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போனார். போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். தியேட்டரை அவருடைய மருமகன், இன்னொரு மகளின் புருஷன், எடுத்தார். கொழும்பில் யாவாரம் செய்தவர். வந்ததும் ஒவ்வொரு சாமானாகப் பார்த்தார். கெபினில் ஓடக்காரி இல்லை.

என்னைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மாமா சொன்னாரா? யாருக்கு முன்னால சொன்னாரு?"

"யாரும் இல்லைங்க. படிக்கட்டுல சொன்னாரு."

"மாணிக்கம், ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு மொதலாளி ஒண்ணும் சொல்லலைங்க" என்றார் மாணிக்கம் அண்ணன்.

அவர் சொன்னது உண்மை. அது எனக்கு எதிராகப் போனது. அவருக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்ல மாட்டார். ஃபாதர் வந்து பேசினார். முதலாளி சொன்னதாகச் சவரிமுத்துதான் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதானே என்றார் மருமகன். அதுவும் சரிதான். என்னைக் கெபினில் இருந்து இறக்கி வாசலில் டிக்கெட் கிழிக்க விட்டார்கள். பெட்டி வராவிட்டால் பொலிஸில் கொடுப்பதாகச் சொன்னார்.

வாசலில் நின்றால் சனம் சும்மா போகாது. "என்னா சவரி, தொரசாணி பங்களா கட்டிக் குடுத்தாளா?" "எங்களுக்கும் ஒரு விசா எடுத்துக் குடேன் மாப்ள." நான் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பேன். வெள்ளைக்காரி கொண்டுபோன சாமான் திரும்பி வராது என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் மனைவியும் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

தேயிலைக் கொழுந்து குறைந்த ஒரு பனிக் காலத்தில் பெட்டி வந்தது. ஃபாதரே ஸ்டேஷனில் இருந்து கொண்டுவந்தார். புது டின். மூடியில் புது நம்பர் அச்சடித்து ஒட்டியிருந்தது. மாணிக்கம் அண்ணன் திறந்து முகர்ந்தார். இழுத்தார். படம் கழுவின மாதிரி இருந்தது. நாங்கள் ஒட்டின இடமெல்லாம் வெட்டிப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். விரலில் ஒன்றும் தட்டவில்லை.

"இது நம்ம படம்தானா?" என்றார்.

மார்த்தா ஃபாதருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள், அதை அவர் எங்கள் ரெண்டு பேருக்கும் படித்துச் சொன்னார். விழாவில் நாங்கள் அனுப்பிய வரிசையிலேயே காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கொண்டாடியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களில் ஒரு சீனாக்கார அம்மா. அந்த நாட்டில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அவர்தான் சின்ன வயசில் ஓடக்காரியாக நடித்தவராம். படம் முடிந்ததும் எழும்பிச் சொல்லியிருக்கிறார்: இந்தப் படத்தில் நான் கடைசியில் செத்துப்போவேன். இங்கே என்னை உயிரோடு அனுப்பியிருக்கிறார்கள். யார் அது? சொல்லிவிட்டுச் சிரித்தாராம், அழுதாராம். பிறகு மார்த்தா அவரிடம் கேட்டு, ரீலைச் சரியான வரிசையில் அடுக்கி, நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறாள். யார் மாற்றியது என்று அந்த அம்மா அறிய ஆசைப்படுகிறாராம்.

மாணிக்கம் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. ஃபாதர் போன பிறகு சொன்னார்: "பாத்தியா. யாரு மாத்துனதுன்னு கேக்குறா. நம்மள மாட்டிவிடப் பாக்குறா. புது மொதலாளிக்கும் எழுதியிருப்பா."

மருமகன் பெட்டியைப் பார்த்தார். "பெட்டி வந்துருச்சு. உள்ள இருக்கிறது அதுதானான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? டின் புதுசு, படமும் புதுசு மாதிரி இருக்கு. நல்லதக் குடுத்துட்டு எதையோ வாங்கி வச்சிருக்கலாம். ஞாயித்துக்கிழம போடுங்க. ஓடக்காரியப் பாக்காத ஆளு இந்தப் பக்கத்துல இல்ல. சனம் சொல்லட்டும். சனம் இல்லேன்னு சொன்னா, சவரிமுத்து, நேரா பொலிஸுக்குத்தான்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மேலே போய் மாணிக்கம் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, பழையபடி போடுங்க. சனம் அதத்தான பாத்திருக்கு."

"நீ சொல்லுவ. பழையபடி போட்டா நம்பர் மாறுறது புது மொதலாளிக்குத் தெரிஞ்சுரும். அவரு கையில அந்தத் தொரசாணி எழுதுன கடிதாசி இருக்கும்."

"அவருக்கு எழுதலன்னு ஃபாதர் சொல்றாரு."

"ஃபாதர் சொல்லுவாரு."

"அண்ணே, எனக்கு அட்ட இல்ல."

அவர் கார்பன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை கலரி வழிந்தது. வெளிநாட்டு விழாவில் காட்டிய படம் என்று மருமகன் வெளியே பெரிதாக எழுதிப் போட்டிருந்தார். பின் வரிசையில் ஒரு கான்ஸ்டபிளையும் உட்கார வைத்திருந்தார். நான் வாசல் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். படம் பளிச்சென்று இருந்தது. இடைவேளை வரை சனம் சத்தமில்லாமல் பார்த்தது.

இடைவேளை முடிந்து மழைச் சண்டை வரும் என்று எல்லாரும் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்தார்கள். சண்டை வரவில்லை. உப்பு வியாபாரி சோறு சாப்பிட்டான். மாணிக்கம் அண்ணன் புது நம்பர்படி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"டேய், சண்ட எங்கடா?"

"ஆப்பரேட்டர் தூங்குறான்!"

"இது அந்தப் படம் இல்லடா. படத்த மாத்திட்டானுங்க!"

கீழே ஹாரன் அடித்தது. கலரி எழும்பியது. இந்த முறை சந்தோஷமாக எழும்பவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது ஒருவர் என் காலடியில் துப்பினார். "வித்துட்டல்ல" என்றார். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மருமகன் கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். "கேட்டல்ல? வா" என்றார். மூன்று பேரும் கெபின் படிக்கட்டில் ஏறினோம். படிக்கட்டில் ஏறுகிற சத்தம் மாணிக்கம் அண்ணனுக்குக் கேட்டிருக்கும். நாங்கள் உள்ளே போன நேரம் அவர் மெஷினை நிறுத்தினார். கீழே இருட்டு. விசில். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ரீலைக் கழற்றினார். கடைசி ரீலை எடுத்தார். ஒரு முழம் இழுத்து பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார். பிறகு மெஷினில் மாட்டி ஓட விட்டார்.

மழை பெய்தது. ஓடக்காரி மூங்கிலைத் தூக்கினாள். கீழே மிச்சம் இருந்த டவுன்காரர்கள் ஒரு சத்தம் போட்டார்கள். "ஆ! இதுதான்! இதுதான் படம்!" அவள் சாய்ந்தாள். மிச்சம் இருந்த ரெண்டு ரீலையும் அவர் எங்கள் பழைய வரிசையில் ஓட்டினார். நாங்கள் கெபினிலேயே நின்று பார்த்தோம். கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தது, அவள் தலையைச் சீவினாள், திரும்பிப் பார்த்தாள், போனாள். கீழே கைதட்டினார்கள்.

மருமகன் மாணிக்கம் அண்ணனையே பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் கடைசி ரீல நடுவுலயா ஓட்டுனீங்க?"

"ஆமாங்க."

"எல்லாச் சீனாப் படமும்?"

"ஆமாங்க."

"ஏன்?"

"பஸ்ஸு போயிருங்க."

மருமகனுக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டார். என் மேல் குறை இல்லை என்று அங்கேயே சொன்னார். மாணிக்கம் அண்ணனிடம், அனுப்பினபடி ஓட்டாத ஆளை வைத்துக்கொண்டு யாவாரம் செய்ய முடியாது என்றார். இது நடக்கும் என்று மாணிக்கம் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் ரீலைக் கழற்றினார். மறுநாள் நான் நன்றி சொல்லப் போனேன். அதை அவர் சொல்ல விடவில்லை.

"மொதலாளி படிக்கட்டுல சொன்னது நெசந்தானா?" என்று கேட்டார்.

"நெசந்தாண்ணே."

"ம்" என்றார். நம்பினாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

கெபின் சாவியை என் கையில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்ப வாங்கி, அதே சாவிதானா என்று பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் தந்தார். படி இறங்கும்போது நின்றார். "அந்தச் சீனாக்காரம்மா கேட்டாங்களே, யாரு மாத்துனதுன்னு. ஃபாதர்கிட்ட எழுதச் சொல்லு. மாத்துனது மாணிக்கம் இல்ல, மஸ்கெலியா பஸ்ஸுன்னு." ஃபாதர் எழுதினார்.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. தியேட்டர் மூடும் வரை அந்தக் கெபினில் வேலை செய்தேன். மாணிக்கம் அண்ணன் நானுஓயாவில் மகன் வீட்டோடு இருந்து காலமானார். அவர் இருக்கும் வரை இதை நான் வெளியே பேசவில்லை. பேசினால் அவர் ரீலை மாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் மஸ்கெலியாவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான அந்த ஓடக்காரிப் படத்த வித்தது?"

"இல்லைங்க. அது திரும்பி வந்துச்சு."

"வந்தது வேற படம். நானே ஒக்காந்து பாத்தேன். சண்டையே இல்ல."

"இருந்துச்சுங்க."

"எங்க இருந்துச்சு?"

"நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டீங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பாயசம் வந்தது. குடித்தோம்.